கால் எந்த மண்ணில், கையில் எந்தத் தாள்?

கேள்வி: மதுரையில் சட்டம் படிக்கும் நான்காம் ஆண்டு மாணவி நான். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எட்வர்ட் ஸ்னோடன் விவகாரத்தை ஒட்டி ஒரு வழக்கைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அப்பாவுக்கும் எனக்கும் சண்டை வந்துவிடுகிறது. "உண்மையைச் சொன்னவன் என்றால் எதற்கு ரஷ்யாவில் போய் ஒளிந்துகொண்டான்? நல்லவனுக்கு ஒரு நல்ல நாடு கூடவா இடம் கொடுக்காது?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தியாவும் மறுத்தது என்று படித்தேன், ஏன்? நாளைக்கு நான் வக்கீலாகி, இப்படி ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் அவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவோடு சண்டை போடாதீர்கள், அவர் கேட்டிருப்பது நல்ல கேள்வி. அகதிகள் சட்டத்தில் பல வருடமாக வேலை பார்க்கிற எனக்கே அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். ஆனால் அதற்குள் ஒரு தகவல் பிசகு இருக்கிறது, அதை முதலில் சரிசெய்துவிடுவோம். ஸ்னோடன் ரஷ்யாவுக்குப் போக டிக்கெட் எடுக்கவில்லை, ரஷ்யா வழியாகப் போக எடுத்தார். நடுவழியில் மாட்டிக்கொண்டார், ஏனென்றால் அவருடைய பாஸ்போர்ட் ரத்தாகியிருந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தேதிகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 2013 மே 20, ஹவாயிலிருந்து ஹாங்காங் கிளம்புகிறார். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைக்காக வேலை செய்த ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர், வயது 29. அந்த முகமை மக்களின் தொலைபேசி, இணையத் தகவல்களை ரகசியமாகத் திரட்டுவதைப் பற்றி ஜூன் முதல் வாரத்தில் செய்திகள் வரத் தொடங்குகின்றன, ஜூன் 9 அன்று தானே முகத்தைக் காட்டி, 'வெளியிட்டது நான்தான்' என்கிறார். ஜூன் 21, அவருடைய முப்பதாவது பிறந்த நாள், அன்றைக்குத்தான் அவர் மீதான குற்றச்சாட்டுகள் வெளியே வருகின்றன. அரசு சொத்தைத் திருடியது ஒன்று, 1917-ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து வருடம் வரை சிறை. ஜூன் 22, பாஸ்போர்ட் ரத்து. ஜூன் 23 காலை அவர் ஹாங்காங்கிலிருந்து மாஸ்கோ விமானத்தில் ஏறிவிட்டார்.

பாஸ்போர்ட் ரத்தான மறுநாள் எப்படி ஏறினார்? உங்கள் போட்டிக்கு உதவக்கூடிய இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஹாங்காங்குக்கும் அமெரிக்காவுக்கும் 1996-ல் கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, தேடப்படுகிறவரைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்று. அமெரிக்கா அதன்படி கேட்டது. ஹாங்காங் அரசு, "நீங்கள் அனுப்பிய ஆவணங்கள் எங்கள் சட்டத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை, கூடுதல் விவரம் கேட்டிருக்கிறோம், அது வரும்வரை அவர் வெளியே போவதைத் தடுக்க எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை" என்ற பொருளில் ஓர் அறிக்கை விட்டது. பிற்பாடு அவர்களுடைய நீதித்துறைச் செயலர் விளக்கினார்: ஸ்னோடனின் நடுப்பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருந்தது, பாஸ்போர்ட் எண்ணும் தரப்படவில்லை என்று. ஹாங்காங் அரசின் அந்த முதல் அறிக்கையிலேயே, ஹாங்காங்கின் கணினிகளுக்குள் அமெரிக்கா புகுந்ததாக வந்த செய்திகளுக்கு விளக்கம் கேட்டிருப்பதாகவும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

நான் அதை இப்படி வாசிக்கிறேன். இந்த மனிதரை ஒப்படைத்தால் தன் மக்கள் முன்னால் தலைகுனிவு, ஒப்படைக்க மறுத்தால் வாஷிங்டனோடு நேரடி மோதல். ஒரு தாளில் உள்ள பிழையைக் காட்டி அவரைக் கிளம்ப விட்டால் இரண்டும் இல்லை. ராஜதந்திரத்தில் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லாமலே மறுக்க எத்தனையோ வழி இருக்கிறது, அதில் மிகப் பழையது 'விண்ணப்பம் முறையாக இல்லை' என்பது. நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் மனுவோடு போய் நின்ற யாருக்கும் இந்த வழி புதிதாக இருக்காது.

சரி, மாஸ்கோவில் இறங்குகிறார். மறுநாள் ஹவானா விமானம், அங்கிருந்து ஈக்வடார் என்பது திட்டம். அந்த விமானத்தில் அவருக்கென்று இருந்த 17ஏ இருக்கை காலியாகவே பறந்தது, அவரைப் பார்க்கலாம் என்று டிக்கெட் எடுத்து ஏறிய பத்திரிகையாளர்கள் அந்தக் காலி இருக்கையைப் படமெடுத்துவிட்டு வந்தார்கள். அவர் மாஸ்கோவின் ஷெரமேத்யேவோ விமான நிலையத்தில், விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதியில் மாட்டிக்கொண்டார், ஆகஸ்ட் 1 வரை. கிட்டத்தட்ட நாற்பது நாள்.

பாஸ்போர்ட்டை ரத்துசெய்வதால் குடியுரிமை போய்விடாது. பலர் இதில் குழம்புகிறார்கள், ஸ்னோடனே அப்போது தன்னை நாடற்றவனாக்கிவிட்டார்கள் என்று அறிக்கை விட்டார். அவருடைய கோபம் புரிகிறது, ஆனால் சட்டப்படி அவர் அமெரிக்கக் குடிமகன்தான், பயணம் செய்யத் தாள் இல்லாத குடிமகன். அமெரிக்க அரசுக்கு இந்த அதிகாரம் இருக்கிறது என்பதை அவர்கள் உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது. அதுவும் முன்னாள் உளவுத்துறை ஊழியர் பிலிப் ஏஜியின் வழக்குதான், வெளிநாட்டில் இருந்துகொண்டு உளவாளிகளை அம்பலப்படுத்தியவர். போட்டியில் எதிர்த் தரப்பு இதைக் கட்டாயம் எடுத்துவைக்கும், தயாராக இருங்கள்.

டிரான்சிட் பகுதி விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. அவர் ரஷ்ய எல்லையைத் தாண்டவே இல்லை, அதனால் எங்களுக்கு ஒப்படைக்கும் பொறுப்பும் இல்லை என்று ரஷ்யா சொல்லிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தின் அந்தக் கண்ணாடிக் கூண்டு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நிலம் என்பது போல. அப்படி ஒரு நிலம் உலகத்தில் கிடையாது. 1992-ல் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் சோமாலியர்கள் சிலரை 20 நாள் இப்படித்தான் வைத்திருந்தார்கள், அந்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996-ல் தெளிவாகச் சொன்னது, பெயர் என்னவாக இருந்தாலும் அந்த இடத்தில் அந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று. அமூர் எதிர் பிரான்ஸ் என்பது வழக்கின் பெயர். ஸ்னோடன் ரஷ்ய மண்ணில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம், நல்ல நாடுகள் ஏன் இடம் கொடுக்கவில்லை. ஜூலை தொடக்கத்துக்குள் அவர் விண்ணப்பித்திருந்த நாடுகள் 21. ஆஸ்திரியா, பின்லாந்து, நார்வே, அயர்லாந்து, ஸ்பெயின் போன்றவை கிட்டத்தட்ட ஒரே பதிலைத் தந்தன: விண்ணப்பிக்கிறவர் எங்கள் மண்ணில் இருக்க வேண்டும். போலந்து, விண்ணப்பமே முறைப்படி இல்லை என்றது. இதைக் கேட்டு அப்பா சிரிக்கலாம், ஆனால் சட்டத்தில் அவர்கள் சொன்னது பொய் இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஒரு நாட்டின் மீது சுமத்துகிற முக்கியமான கடமை, வந்துவிட்டவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்பதுதான், 33-வது பிரிவு. தூரத்தில் இருப்பவரை வரவழைத்துக்கொள் என்று அது எந்த நாட்டையும் கட்டாயப்படுத்துவதில்லை. வர வேண்டுமென்றால் விமானத்தில் ஏற வேண்டும், ஏற பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டைத்தான் பிடுங்கியாகிவிட்டதே. இந்த வட்டத்துக்குள் ஸ்னோடன் மட்டும் மாட்டவில்லை, தினமும் கடலில் படகேறுகிற ஒவ்வொருவரும் இதே வட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் செய்தியில் வருவதில்லை.

இந்தியாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜூன் 30 தேதியிட்ட விண்ணப்பம் மாஸ்கோவில் உள்ள நம் தூதரகத்துக்குப் போனது. கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்கக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று வெளியுறவுத் துறை செய்தித் தொடர்பாளர் இரண்டு நாளில் முடித்துவிட்டார். பின்னணியையும் பாருங்கள். ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களின்படி 2013 மார்ச் மாதம் மட்டும் இந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தகவல் துண்டுகள் 630 கோடி, உலகத்தில் ஐந்தாவது இடம். வாஷிங்டனில் உள்ள நம் தூதரகமும் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது என்ற செய்தி அந்த விண்ணப்பம் வந்த அதே நாட்களில் வெளியானது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித், அது யாருடைய செய்தியையும் படிப்பதில்லை, அழைப்புகள் எப்படிப் போகின்றன என்று கணினி பார்ப்பதுதான் என்று அமெரிக்காவுக்காக விளக்கம் கொடுத்தார். நம் வீட்டுக் கதவை உடைத்தவனைக் காட்டிக்கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார், நாம் உடைத்தவனுக்காகப் பேசுகிறோம். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆனால் ஒன்று, இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் கிடையாது. 1959-ல் தலாய் லாமாவை ஏற்றுக்கொண்டோம், 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர்களை ஏற்றுக்கொண்டோம், இரண்டுமே அன்றைய அரசு எடுத்த அரசியல் முடிவுகள். சட்டம் கொடுத்த உரிமை இல்லை என்பதால்தான் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்றும் என்னைப் போன்றவர்களிடம் வந்து தங்கள் நிலை என்ன என்று கேட்கிறார்கள். நம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு வெளிநாட்டவரையும் காக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல், கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய சக்மா மக்கள் வழக்கில் சொல்லியிருக்கிறது, ஆனால் அதற்கும் அவர் இந்த மண்ணில் இருந்தாக வேண்டும்.

அப்புறம் அந்த விமானச் சம்பவம். ஜூலை 2, பொலிவியாவின் அதிபர் ஈவோ மொராலஸ் மாஸ்கோவில் ஒரு மாநாட்டை முடித்துக்கொண்டு தன் அரசு விமானத்தில் திரும்புகிறார். ஸ்னோடன் உள்ளே இருக்கிறார் என்று ஒரு வதந்தி. பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி தங்கள் வான்வெளியை மூடிவிட்டன என்று பொலிவியா சொன்னது. விமானம் வியன்னாவில் இறங்கி, ஒரு நாட்டின் அதிபர் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் விமான நிலையத்தில் காத்திருந்தார். ஸ்னோடன் அதில் இல்லவே இல்லை. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி அரசு விமானம் இன்னொரு நாட்டின் மேல் பறக்க முன்கூட்டி அனுமதி வேண்டும், அதனால் அனுமதி தராதது சட்டமீறல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாட்டுத் தலைவருக்கு இருக்கிற பாதுகாப்பையும் மரியாதையையும் அது என்ன செய்தது என்று யோசியுங்கள். தென் அமெரிக்கா முழுக்கக் கொந்தளித்தது, பிரான்சும் ஸ்பெயினும் வருத்தம் தெரிவித்தன. சில நாட்களிலேயே வெனிசுலா, நிகராகுவா, பொலிவியா மூன்றும் 'வா, நாங்கள் தஞ்சம் தருகிறோம்' என்றன. ஒரு அதிபரின் விமானத்துக்கே வழி விடாதவர்கள் ஸ்னோடன் ஏறிய விமானத்துக்கு வழி விடுவார்களா? தஞ்சம் தர மூன்று நாடுகள் இருந்தன, போய்ச் சேரத்தான் பாதை இல்லை.

ஈக்வடாரின் கதையையும் உங்கள் வாதத்தில் சேருங்கள். முதலில் கை நீட்டியது அந்த நாடு. லண்டனில் இருந்த அவர்களுடைய தூதர் அலுவலக அதிகாரி ஒருவர் ஸ்னோடனுக்கு ஒரு தற்காலிகப் பயணத் தாள்கூட எழுதிக்கொடுத்தார். அந்த நேரத்தில் அரசுகளின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் இணையதளத்தின் ஜூலியன் அசாஞ்ச் ஒரு வருடமாக அதே லண்டன் தூதரகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தார். அமெரிக்காவில் சிலர் ஈக்வடாருக்குத் தரும் ஏற்றுமதிச் சலுகையை நிறுத்துவோம் என்று பேச, ஈக்வடார் அரசு 'மிரட்டாதீர்கள், அந்தச் சலுகையே வேண்டாம்' என்று தானாகவே கைவிட்டது. அது வீரமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கடுத்த சில நாட்களில் அன்றைய துணை அதிபர் ஜோ பைடன் அதிபர் கொரையாவோடு தொலைபேசியில் பேசினார், கொரையா அந்தப் பயணத் தாள் அனுமதியில்லாமல் கொடுக்கப்பட்டது, செல்லாது என்றார், ஸ்னோடன் இப்போது ரஷ்யாவின் பொறுப்பில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அசாஞ்சின் நிலையைப் பாருங்கள். 2012-ல் ஈக்வடார் தந்த தஞ்சத்தை 2019 ஏப்ரல் 11 அன்று அடுத்து வந்த ஆட்சி திரும்ப எடுத்துக்கொண்டது, பிரிட்டிஷ் போலீஸ் தூதரகத்துக்குள்ளேயே வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. தூதரகத்துக்குள் தரும் தஞ்சத்தை லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன, மற்ற நாடுகளை அது கட்டுப்படுத்தாது. 1949-ல் பெருவின் தலைவர் ஆயா தெ லா தோர்ரே லிமாவில் உள்ள கொலம்பியத் தூதரகத்துக்குள் போனவர், வெளியே வர ஐந்து வருடம் ஆனது, நடுவில் சர்வதேச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு சொல்லியும். அந்தத் தீர்ப்புகளைப் படியுங்கள், தஞ்சம் முறையானது இல்லை, ஆனாலும் அவரை ஒப்படைக்க வேண்டிய கடமையும் கொலம்பியாவுக்கு இல்லை, நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றம் கைகழுவியதைப் பார்ப்பீர்கள்.

ஸ்னோடன் அகதியா? இதுதான் வழக்கின் நடு முடிச்சு. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து, இந்த ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். அமெரிக்கா சொல்வது, இது துன்புறுத்தல் இல்லை, வழக்கு விசாரணை, ரகசியத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவர் மீறியிருக்கிறார் என்று. அப்பா சொல்வதும் இதைத்தான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் எடுத்துப்போன ஆவணங்களில் பெரும்பகுதிக்கும் தனிமனித அந்தரங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2016-ல் எழுதியிருக்கிறது. ஆனால் உளவுச் சட்டத்தின் கீழ் நிறுத்தப்படுகிறவர் 'மக்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொன்னேன்' என்று வாதாட இடமே கிடையாது. எதற்காகச் செய்தேன் என்பதை ஜூரியிடம் சொல்ல முடியாத ஒரு விசாரணை நியாயமான விசாரணையா? அதே 2013 ஆகஸ்டில், ராணுவ ரகசியங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த அமெரிக்கப் படைவீரர் செல்சீ மேனிங்குக்கு 35 வருடம் தண்டனை விழுந்தது, பிறகு ஒபாமா அதைக் குறைத்தார். ஸ்னோடன் அம்பலப்படுத்திய தொலைபேசித் தகவல் சேகரிப்பு சட்டத்தை மீறியது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களே 2015-லும் 2020-லும் சொல்லிவிட்டன. குற்றத்தைக் காட்டியது சரிதான் என்று நீதிமன்றம் ஏறத்தாழ ஒப்புக்கொண்ட பிறகும் காட்டியவர் மீதான வழக்கு அப்படியே நிற்கிறது. அப்பாவிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். உளவு, ராஜதுரோகம் போன்றவை அரசியல் குற்றங்கள், அவற்றுக்காக ஆளை ஒப்படைப்பதில்லை என்பது பழைய மரபு. அதனால்தான் குற்றப்பத்திரிகையில் 'திருட்டு' முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு, திருட்டு எல்லா நாட்டிலும் திருட்டுதான். மரண தண்டனை கிடையாது, சித்திரவதை கிடையாது, வேண்டுமானால் நேரே ஊர் திரும்ப மட்டும் ஒரு பாஸ்போர்ட் தருகிறோம் என்று ஜூலை 23 தேதியிட்டு அமெரிக்க அரசு தலைமை வழக்கறிஞர் எரிக் ஹோல்டர் ரஷ்ய நீதி அமைச்சருக்கு எழுதிய கடிதத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். தஞ்சம் கேட்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போடுவதற்காக எழுதிய கடிதம் அது.

ரஷ்யா ஏன் கொடுத்தது? புதின் முதலில் போட்ட நிபந்தனை, எங்கள் அமெரிக்கக் கூட்டாளிகளுக்குத் தீங்கு செய்வதை நிறுத்தினால் இருக்கலாம் என்பது. அதைக் கேட்டு ஸ்னோடன் தன் ரஷ்ய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். வேறு வழியே இல்லை என்றான பிறகுதான், ஜூலை 12 அன்று மனித உரிமை அமைப்புகளை விமான நிலையத்துக்கே அழைத்துப் பேசி மறுபடி கேட்டார். ஆகஸ்ட் 1 அன்று ஒரு வருடத் தற்காலிகத் தஞ்சம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் ஒபாமா மாஸ்கோவில் புதினோடு நடக்கவிருந்த சந்திப்பை ரத்துசெய்தார். 2014-ல் மூன்று வருட அனுமதி, 2020-ல் நிரந்தர வசிப்புரிமை, 2022 செப்டம்பரில், உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கி ஏழு மாதம் ஆனபோது, குடியுரிமை. தன் குடிமகனை ரஷ்யா எந்த நாட்டுக்கும் ஒப்படைக்காது, அது அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சொந்த நாட்டில் வாயைத் திறப்பவர்களைச் சிறையில் போடும் ஓர் அரசு இவரை வைத்திருப்பது சுதந்திரத்தின் மீதுள்ள பிரியத்தால் என்று நான் நம்பவில்லை, அப்பாவும் நம்ப வேண்டாம். ஆனால் அந்த வெட்கம் ரஷ்யாவை விட ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும்தான் அதிகம் சேர வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கெலா மெர்க்கலின் கைப்பேசியே கண்காணிக்கப்பட்டது என்பது இந்த விவகாரத்தில்தான் வெளியே வந்தது. ஜெர்மன் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது, அந்தக் குழுவின் முக்கிய சாட்சியை பெர்லினுக்கு வரவழைக்க மட்டும் அரசு ஒப்புக்கொள்ளவே இல்லை. 2015 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 285-க்கு 281 என்ற வாக்கில், அவர் மீதான வழக்குகளைக் கைவிட்டுப் பாதுகாப்புக் கொடுங்கள் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டது. ஒரு நாடும் அசையவில்லை.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது, 'இன்னும் எதுவும் வெளியே போகவில்லையே?' என்பதுதான். போகவில்லை என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. உள்ளுக்குள் புகார் செய்ய வழி இருக்கிறதா, அந்த வழி அவரைக் காக்குமா என்று பாருங்கள். ஸ்னோடனைப் போன்ற ஒப்பந்த ஊழியர்களுக்கு அன்றைக்கு இருந்த பாதுகாப்பு மிகக் குறைவு. இந்தியாவில் 2014-ல் இதற்கென்றே சட்டம் நிறைவேற்றினார்கள், அதை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. நெடுஞ்சாலை ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, என் பெயரை ரகசியமாக வைத்திருங்கள் என்று கேட்ட பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதனால் முறையான வழியில் போ என்று கட்சிக்காரரிடம் வாய்க்கு வந்தபடி சொல்லிவிடாதீர்கள், அந்த வழியில் யார் யார் கையில் அந்தத் தாள் போகும் என்று கடைசி மேசை வரை விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாட்டை விட்டுப் போவதுதான் முடிவென்றால், தஞ்சம் கேட்கப்போகும் நாட்டின் மண்ணில் கால் வைத்த பிறகே பெயர் வெளியே வர வேண்டும், நடுவழியில் ஒரு டிரான்சிட்கூட இருக்கக் கூடாது. அந்த நாட்டுக்கும் அவர் நாட்டுக்கும் ஒப்படைப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் அரசியல் குற்றத்துக்கு விலக்கு இருக்கிறதா, அங்கே அடுத்த தேர்தல் எப்போது என்றுகூடப் பாருங்கள், ஈக்வடாரில் ஆட்சி மாறியதும் நடந்ததை மறக்காதீர்கள். பாஸ்போர்ட் எந்த நிமிடமும் செத்துப்போகும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். தஞ்சம் கிடைக்கும் என்று மட்டும் ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள், யார் கேட்டாலும்.

அப்புறம் அவரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள், 'யார் வீட்டில் தங்கப்போகிறீர்கள்?' என்று. ஸ்னோடன் தன் பெயரைச் சொன்ன பிறகு ஹாங்காங்கில் சுமார் இரண்டு வாரம் எங்கே ஒளிந்திருந்தார் என்பது 2016-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அவருடைய வக்கீல் அவரைத் தன் கட்சிக்காரர்களான ஏழை அகதிகளின் வீடுகளில் மாற்றி மாற்றித் தங்கவைத்திருந்தார். இலங்கையிலிருந்து ஓடிவந்த ஒரு தம்பதி, இலங்கைப் படையில் முன்பு இருந்த ஒருவர், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு தாய். தாங்களே தஞ்சம் கேட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஹாங்காங்கில் அவர்கள் வேலை செய்யக்கூட அனுமதி இல்லை, சின்ன அறைகளில் பிள்ளைகளோடு இருந்தவர்கள், உலகமே தேடிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தங்கள் படுக்கையைக் கொடுத்தார்கள். எத்தனையோ நாடுகள் செய்யாததை அவர்கள் செய்தார்கள். விஷயம் வெளியே வந்த அடுத்த வருடம் ஹாங்காங் அரசு அவர்கள் எல்லோருடைய விண்ணப்பங்களையும் நிராகரித்தது. பிலிப்பைன்ஸ் தாயையும் மகளையும் 2019-ல் கனடா ஏற்றுக்கொண்டது, இலங்கைத் தம்பதியும் அவர்கள் பிள்ளைகளும் 2021 செப்டம்பரில்தான் கனடா போய்ச் சேர முடிந்தது. அன்றைக்கும் அந்த முன்னாள் படைவீரர் மட்டும் ஹாங்காங்கிலேயே விடப்பட்டிருந்தார்.

போட்டி முடிந்ததும் எந்தப் பக்கம் வாதாடினீர்கள் என்று எழுதுங்கள். அப்பாவுக்கு என் வணக்கம்.